விலை பேசி முடித்த பிறகு பேச வேண்டியவை: பழைய வீடு வாங்குவோருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: சென்னை மேடவாக்கம் பக்கம் 1,200 சதுர அடி மனை, 15 வருடப் பழைய வீடு. 72 லட்சத்துக்குப் பேசி முடித்தாயிற்று. விற்பவருக்கு வங்கிக் கடன் இன்னும் 11 லட்சம் பாக்கி. கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் 6 லட்சம் லீஸில் இருக்கிறது. மாடி பிளானில் இல்லை. வெள்ளிக்கிழமை 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். விலையில் இனி ஒரு ரூபாய் குறையாதாம். பேச வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முடிந்தது ஒரு தொகை மட்டும்தான். அந்த 72 லட்சத்தை எப்போது, யார் கையில், எதைப் பார்த்த பிறகு கொடுப்பது, நடுவில் ஏதாவது கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு என்பதெல்லாம் இன்னும் பேசப்படவே இல்லை. அதைப் பேச உங்களுக்கு வலு இருப்பது அட்வான்ஸ் கைமாறும் வரைதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், 5 லட்சம் வேண்டாம். 11,000 அல்லது 25,000 ரூபாயை டோக்கனாக வங்கி வழியாக அனுப்புங்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாளில், "ஆவணங்களை வக்கீல் பார்த்து, விற்க உரிமை சரியாக இல்லை என்று சொன்னால் இந்தத் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் அவகாசம் போதும். அந்தப் பத்து நாளில் தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரையிலான பத்திர நகல்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாம் வக்கீல் மேஜைக்குப் போக வேண்டும். வில்லங்கச் சான்றை அவர்கள் தருவதை நம்பாமல் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது. விற்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில், தன் பெயரில் கிரயம் வாங்கிய சொத்து என்றால் அவர் கையெழுத்து போதும். மகன், மகள் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்து வந்த சொத்து என்றால் கதை வேறு. அம்மா, அக்கா, தங்கை எல்லோரும் பங்குதாரர்கள். "தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு" என்ற பேச்சு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் செல்லாது. இங்கே பத்திர எழுத்தர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: தங்கையைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைத்துவிடலாம் என்பார்கள். ஏற்காதீர்கள். சாட்சிக் கையெழுத்து என்பது பத்திரத்தில் கையெழுத்து நடந்ததைப் பார்த்தேன் என்பதற்குத்தான். பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று அதற்கு அர்த்தம் ஆகாது. பங்கு இருப்பவர் விற்பவராகவே கையெழுத்துப் போட வேண்டும், ஒப்பந்தத்திலும் சரி, கிரயப் பத்திரத்திலும் சரி. மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். அது வரும்வரை அட்வான்ஸ் பேச்சே வேண்டாம்.

அடுத்தது 5 லட்சத்தின் தன்மை. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் மாதிரியில், வாங்குபவர் கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸை இழக்க வேண்டும் என்று இருக்கும். விற்பவர் தவறினால் கோர்ட் மூலம் கிரயம் பெறலாம் என்று இருக்கும். அதாவது நீங்கள் தவறினால் உடனே நஷ்டம். அவர் தவறினால் உங்களுக்குக் கோர்ட் வாசல். இதைச் சமன் செய்யுங்கள். அட்வான்ஸில் 1 லட்சம் மட்டும் ஒப்பந்த உறுதிக்கான பிணைத்தொகை, மீதி 4 லட்சம் கிரயத் தொகையின் ஒரு பகுதி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிணையாகக் கொடுத்த தொகையைத்தான் பறிமுதல் செய்யலாம், விலையின் பகுதியாகக் கொடுத்த முன்பணத்தை அப்படிச் செய்ய முடியாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் வேறுபடுத்திச் சொல்லியிருக்கிறது. நீங்கள் தவறினால் 1 லட்சம் போகும். அவர் தவறினால் 5 லட்சத்தோடு இன்னொரு 1 லட்சம் சேர்த்துத் தர வேண்டும், அல்லது உங்கள் விருப்பப்படி கிரயம் முடித்துத் தர வேண்டும். "அட்வான்ஸைப் போல இருமடங்கு" என்று பெரிதாக எழுதி வைத்துக்கொள்வதில் பயனில்லை. கோர்ட் நியாயமான நஷ்டஈட்டைத்தான் கொடுக்கும்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். ஆனாலும் இன்றைக்கும் பாதிப் பேர் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சுவாதீனம் கொடுக்காத, அதாவது வீட்டை இன்னும் ஒப்படைக்காத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகையில் 1 சதவீதம்தான். 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். இதற்குக் கிடைக்கும் பலன் பெரிது: வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறிவிடும், வேறு ஒருவருக்கு விற்கப் போனால் அவர் அதைப் பார்த்துவிடுவார். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்கும் வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2023-ல் சொன்னது உண்மை. ஆனால் அது வழக்குக்கு உதவும், வில்லங்கத்தில் வராது.

விற்பவர் பதிவுக்குத் தயங்குவார். அவர் பயமும் நியாயமானதே: நீங்கள் வாங்காமல் போய்விட்டால், உங்கள் கையெழுத்தோடு ரத்து ஆவணம் பதிவாகும்வரை அவர் வேறு யாருக்கும் சுலபமாக விற்க முடியாது. அதற்கு ஒரு ஷரத்து கொடுங்கள்: "ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிவுக்கு வந்தாலும், திருப்பித் தர வேண்டிய தொகை வாங்குபவர் கணக்கில் வந்த 7 நாட்களுக்குள் அவர் ரத்து ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும்." இந்த ஒரு வரிக்குப் பிறகு பெரும்பாலான விற்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கடன். பெரிய ஓட்டை இங்கேதான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 72 லட்சத்தில் அது 57.6 லட்சம். ஆனால் வங்கி பார்ப்பது நீங்கள் பேசிய விலையையும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை. பிளானில் இல்லாத மாடியை மதிப்பீட்டாளர் சேர்க்க மாட்டார். அவர் 62 லட்சம் என்று எழுதினால் கடன் 49.6 லட்சத்தில் நின்றுவிடும்; 8 லட்சத்தை எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். இதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 6.48 லட்சம். வங்கி இதைக் கணக்கில் சேர்க்காது. அதனால் இந்த ஷரத்து இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்:

"வாங்குபவர் விண்ணப்பித்துள்ள வங்கி, சொத்தின் உரிமை, அனுமதி அல்லது மதிப்பீடு தொடர்பான காரணத்தால் 55 லட்சத்துக்குக் குறையாமல் கடன் அனுமதிக்க மறுத்தால், வங்கியின் எழுத்துப்பூர்வக் கடிதத்தைக் காட்டிய 15 நாட்களுக்குள் விற்பவர் அட்வான்ஸ் முழுவதையும் பிடித்தமின்றித் திருப்பித் தர வேண்டும்."

"கடன் கிடைக்காவிட்டால்" என்று பொதுவாக எழுதினால் விற்பவர் ஏற்க மாட்டார். உங்கள் சிபில் ஸ்கோருக்கு அவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? சொத்தின் குறை அவர் பொறுப்பு, உங்கள் வருமானத்தின் குறை உங்கள் பொறுப்பு என்று பிரித்தால் பேச்சு சுலபம்.

அந்த மாடியைப் பற்றி விற்பவர், "ரெகுலரைஸ் பண்ணித் தர்றேன்" என்பார். அதை ஷரத்தாக வாங்கிக்கொண்டு விலையை விட்டுவிடாதீர்கள். அனுமதி கொடுப்பது அவர் கையில் இல்லை. விலை குறையாது என்று சொன்னவரிடம் மறுபடி விலை பேச நியாயமான ஒரே இடம் இதுதான், அதுவும் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. சொத்து வரி ரசீதில் இருக்கும் கட்டடப் பரப்பையும் பாருங்கள். மாடிக்கு வரியே போடவில்லை என்றால், பின்னால் பழைய பாக்கியோடு நோட்டீஸ் வருவது புதிய உரிமையாளருக்குத்தான். "பதிவு நாள் வரையிலான காலத்துக்கு எப்போது கேட்கப்பட்டாலும் வரி விற்பவரைச் சேர்ந்தது" என்று எழுதுங்கள்.

விற்பவரின் 11 லட்சம் பாக்கி பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, வரிசை மட்டும் தவறக் கூடாது. அவருடைய வங்கியிலிருந்து இரண்டு கடிதங்கள் கேளுங்கள்: இன்ன தேதி வரை கட்ட வேண்டிய முழுத்தொகை எவ்வளவு என்பது ஒன்று, தங்களிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல் இன்னொன்று. உங்கள் வங்கி அந்தத் தொகையை நேராக அந்தக் கடன் கணக்குக்கே செலுத்த வேண்டும். "அட்வான்ஸில் நானே கட்டி முடிச்சிடறேன்" என்று அவர் சொன்னாலும், பணம் கடன் கணக்கு எண்ணுக்குப் போகட்டும், அவர் சேமிப்புக் கணக்குக்கு வேண்டாம். வீட்டுக்கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. இத்தனைக்கும் பிறகு பலரும் கோட்டை விடுவது எம்.ஓ.டி. ரசீதை. கடன் வாங்கியபோது வங்கியிடம் பத்திரம் ஒப்படைத்ததாகப் பதிவான ஆவணம்தான் எம்.ஓ.டி.; அதை ரத்து செய்யும் ரசீதும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ரசீதைப் பதிவு செய்து தருவது விற்பவர் பொறுப்பு, செலவு அவருடையது என்று எழுதுங்கள்.

லீஸ்காரர் விஷயத்தில் இன்னும் கூர்மையாக இருங்கள். 6 லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கும் அந்தக் குடும்பத்தின் ஒப்பந்தம் அநேகமாகப் பதிவாகியிருக்காது; வில்லங்கத்தில் வராது. அவர்கள் உள்ளே இருக்கும்போதே நீங்கள் கிரயம் முடித்தால் நீங்கள்தான் வீட்டுக்காரர், அந்த 6 லட்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். விற்பவரிடம் அந்தப் பணம் இருக்காது, எப்போதோ செலவாகியிருக்கும். உங்கள் பணத்தில்தான் விற்பவர் லீஸ்காரரைக் காலி செய்யப் போகிறார் என்பதை இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நான் சொல்லும் ஏற்பாடு இது: உங்கள் கடன் அனுமதிக் கடிதம் வந்த பிறகு, விற்பவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, 6 லட்சத்தை நேரடியாக லீஸ்காரர் கணக்குக்கு அனுப்புங்கள், அவர் வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கும் அதே நாளில். லீஸ் பத்திரத்தின் அசலைத் திரும்ப வாங்கி, "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாத்தியதை இல்லை" என்று பின்புறம் எழுதி வாங்குங்கள். இந்த 6 லட்சம் கிரயத் தொகையில் கழியும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும் முன் ஒருமுறை கீழ்வீட்டுக்குப் போய் நேரில் பேசுங்கள். விற்பவர் சொல்லும் தொகையும் அவர்கள் சொல்லும் தொகையும் வேறாக இருக்கும் வீடுகள் உண்டு.

இப்போது எல்லோரும் மெல்லிய குரலில் பேசும் சங்கதி. "பத்திரத்தில் 50 காட்டலாம், 22 கையில் கொடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒழுக்கம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே உதைக்கிறது. வங்கி 50-க்குத்தான் கடன் தரும். 40 லட்சத்துக்கு மேல் நகராது. சொத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கணக்காகி நீங்கள் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் கையில் கொடுத்த 22-க்கு ஆதாரம் இல்லை. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லி வழக்குப் போட்டால், விசாரிக்கும் கோர்ட் வருமானவரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 50 என்றே கொள்ளப்படும், அந்த 22-க்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள்.

விற்பவர் இப்படிக் கேட்பது மூலதன ஆதாய வரிக்குப் பயந்துதான். அவரை ஒரு ஆடிட்டரிடம் அனுப்புங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற கணக்கில் குறைவாக வந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆதாயத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு விலக்கு உண்டு. பலருக்கு உண்மையான வரி அவர்கள் பயந்ததில் பாதிகூட இருக்காது.

டி.டி.எஸ். பற்றி இன்றே சொல்லிவிடுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் கடமை, இங்கே 72,000. இது விலைக்குள் அடங்கியது, விலைக்கு மேல் அல்ல. பதிவு நாள் காலையில் இதைச் சொன்னால் "பேசின விலையில குறைக்கறீங்களே" என்று சண்டை வரும். கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்டிவிட்டுச் சான்றிதழை அவரிடம் கொடுங்கள். அண்ணன் தம்பி என விற்பவர்கள் இருவர் இருந்து, தலைக்கு 36 லட்சம் என்றாலும் தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலைதான் கணக்கு. விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். ஆடிட்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

அளவு. மொத்தமாக 72 என்று பேசியிருக்கிறீர்கள். மனைக்குச் சதுர அடி 4,500 வீதம் 54 லட்சம், கட்டடத்துக்கு 18 லட்சம் என்று பிரித்து எழுதுங்கள். சர்வேயரை வைத்து அளந்தால் பழைய மனைகளில் 1,200 என்பது 1,160 ஆக நிற்பது சகஜம். பக்கத்துக்காரர் காம்பவுண்டு கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். 40 அடிக்கு 1.8 லட்சம். அளந்து குறைந்தால் அதே வீதத்தில் கழிக்க வேண்டும் என்ற வரி இருந்தால் கழியும், இல்லையென்றால் "மொத்தமாத்தானே பேசினோம்" என்பார்கள்.

சாமான்களைப் பட்டியல் போடுங்கள்: போர் மோட்டார், இன்வர்ட்டர், கீசர், மாடுலர் கிச்சன், ஏ.சி., ஃபேன்கள். வீடு பார்க்கப் போனபோது சுழன்ற ஃபேன், சாவி வாங்கும் நாளில் கொக்கியாக மட்டும் தொங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

கெடு 90 நாள் வையுங்கள், ஆனால் காலண்டரைப் பார்த்து. கெடு ஆடியிலோ மார்கழியிலோ முடிந்தால் விற்பவர் பதிவுக்கு வர மாட்டார், தாமதம் யாருடையது என்ற வழக்கு மட்டும் மிஞ்சும். ஆவணங்களைத் தருவதில் அவர் எத்தனை நாள் தாமதித்தாரோ அத்தனை நாள் கெடு தானாக நீளும் என்று சேருங்கள். கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, பணம் தயார், இன்ன தேதியில் பதிவுக்கு வாருங்கள் என்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், நீங்கள் பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கடன் அனுமதிக் கடிதமும் பாஸ்புக்கும் அந்தத் தபால் ரசீதும்தான் அதற்குச் சாட்சி.

இத்தனையும் கேட்கும் நீங்கள் எதையாவது கொடுக்கவும் வேண்டும். விற்பவர், புது வீடு பார்க்கும்வரை மாடியில் ஒரு மாதம் இருக்கட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், ஆனால் அதற்கு 1 லட்சத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு. ஒப்பந்தப் பதிவுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், ஐயாயிரம்தானே. புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்டால், பாதி ஒப்பந்தத்தன்று, பாதி கிரயத்தன்று என்று பிரித்துவிடுங்கள். அப்போது லீஸ்காரரைக் காலி செய்ய வைப்பதில் அவரே உங்களுக்காக அலைவார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய பங்குதாரர்கள், சொத்துக் குறையால் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்புவது, லீஸ் தொகை நேரடியாகப் போவது, இந்த மூன்றில் ஒன்றை எழுத மறுத்தாலும் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வீடு பாருங்கள்.